விக்கினமும் அலைவரிசையும்

திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதிக்கு முக்கிய வழிபாடு தேங்காய் உடைப்பது. தேர்வு, வேலைக்கான நேர்முகம், கல்யாணம், புது வண்டி, புதுக்கடை என்று எதைத் தொடங்கினாலும் கிழக்கேகோட்டைப் பக்கம் வந்து ஒரு தேங்காயை ஓங்கிச் சிதறவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்தக் கோயிலை நடத்துவது தேவசம் போர்டு அல்ல, இந்திய ராணுவம். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படையினர் வழிபட்டுவந்த பிள்ளையார், தலைநகர் மாறியபோது அவர்களோடு சேர்ந்து இங்கே வந்தார் என்பது கோயில் வரலாறு. நாயர் பட்டாளம் எனப்பட்ட அந்தப் படை பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இணைந்தபோது கோயிலும் ராணுவத்தின் பொறுப்பாயிற்று. வயர்லெஸ் அறுந்தால் என்ன ஆகும் என்பதை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர்கள் பராமரிக்கும் சன்னிதி என்பதால், இங்கே எழுப்பப்போகும் கேள்விக்கு இது பொருத்தமான இடம். மாணவர் போட்டிக்குப் போகும் ரோபோவுக்கு ரேடியோவை அமைத்துவிட்டு, ஆட்டத்தின் நடுவில் தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதில் பொருள் உண்டா? உண்டென்றால் அந்த வேண்டுதல் எதைத்தான் வேண்டுகிறது?

இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. மின்காந்த அலை மேக்ஸ்வெல்லின் சமன்பாட்டுக்குத்தான் கட்டுப்படும், மோதகத்துக்கு அல்ல. எனவே இது மூடத்தனம் என்பது ஒன்று. தேங்காய் உடைத்தால் மாணவனுக்கு மனசு தெம்பாகும், கை நடுங்காது, அவ்வளவுதான் என்பது மற்றொன்று. முதல் பதில் யாருமே சொல்லாத ஒன்றை மறுக்கிறது. தேங்காய் உடைக்கும் பொறியியல் மாணவன் எவனும் சமன்பாடு மாறும் என்று எதிர்பார்ப்பதில்லை. இரண்டாவது அதைவிட மோசம். பக்தனுக்குப் பரிந்து பேசுவதுபோலப் பேசி வழிபாட்டைப் படபடப்புக்கான மாத்திரை ஆக்கிவிடுகிறது. கை நடுங்காமல் இருக்க முந்தின ராத்திரி ஒழுங்காகத் தூங்கினால் போதும், அதற்குக் கணபதி எதற்கு? வேண்டுகிறவன் தன் மனசிடம் பேசவில்லை, பிள்ளையாரிடம் பேசுகிறான். அவன் நினைப்பது பொய்யாகவே இருக்கலாம். ஆனால் அவன் சொல்லாத ஒன்றை அவன் வாயில் வைத்து, அதை மெய்யென்று நிரூபித்துக் காட்டுவது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனவே முதலில் தடை என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நம் கல்லூரிகளில் அதிகம் புழங்கும் என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூலை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சிலநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மேஜை மேல் அருமையாகப் பேசும். ரோபோவில் ஏற்றினால் ஊமையாகிவிடும். பெரும்பாலும் காரணம் மின்சாரம். அதற்கு வேண்டியது 3.3 வோல்ட். செய்தி அனுப்பும் கணத்தில் அது சட்டென்று மின்னோட்டத்தை இழுக்கும்போது அந்த மின்னழுத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இறங்கி ஏறும். மாட்யூலின் இரண்டு மின் கால்களுக்கும் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் பல நேரம் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவனுக்கு வேறு வகைக் கண்ணி: வைஃபை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் அதன் இரண்டாவது ஏடிசி தொகுதியின் கால்களில் அளவு எடுக்க முடியாது. ஜாய்ஸ்டிக்கை அங்கே மாட்டியவன் ரேடியோவைச் சந்தேகித்தே இரவைக் கழிப்பான். ரேடியோ சரியாகத்தான் இருக்கும். மோட்டார்கள் முட்டி நின்று பேட்டரியை உறிஞ்சினால் ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெறும். ஆன்டெனாவை அலுமினியச் சட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் சிக்னல் வெளியே வராது. (ஆயுத பூஜையன்று போர்டின் மேல் ஈரச் சந்தனம் வைக்கிறவர்கள், பொறித்த ஆன்டெனா இருக்கும் மூலையை மட்டும் விட்டுவைப்பது நல்லது. நீர் பட்ட ஆன்டெனா தன் சுருதியிலிருந்து விலகும்.)

இவையெல்லாம் காரணம் தெரிந்த கோளாறுகள். இவற்றுக்கு யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம். சாலிடரிங் கோலும் பொறுமையும் போதும். இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்து, காலையில் ஆளில்லாத அரங்கில் ரோபோவை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதி வைத்த பிறகும் மதியம் தொடர்பு அறுகிறது. அரங்கு இப்போது நிரம்பியிருக்கிறது. மனித உடம்பில் பெரும்பங்கு நீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உடம்புகளுக்குள் புகுந்து தேய்ந்துபோகிறது. அதே உடம்புகளின் சட்டைப்பைகளில் போன்கள், அவற்றில் புளூடூத், வைஃபை, யாரோ தெரியாமல் திறந்து வைத்த ஹாட்ஸ்பாட். பக்கத்து மேஜையில் இன்னொரு கல்லூரி அதே சேனலில் தன் ரோபோவைச் சோதிக்கிறது. இப்போது பழுது என்று சுட்டிக்காட்ட ரோபோவில் ஒன்றும் இல்லை. காரணங்கள் எல்லாம் காலையில் இருந்தபடியே இருக்கின்றன. காரியம் மட்டும் நடக்கவில்லை. தடை என்ற சொல் இந்த இடத்தில்தான் பொருளோடு வந்து நிற்கிறது.

இந்த இடத்தைப் பற்றி இந்தியத் தர்க்க மரபு அசாதாரணமான நிதானத்தோடு யோசித்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் மிதிலையில் கங்கேசர் எழுதிய தத்துவ சிந்தாமணி தொடங்குவதே மங்கல வாதத்தில்தான்: நூலின் தொடக்கத்தில் தெய்வத்தை வணங்குகிறோமே, அந்த வணக்கம் என்ன காரியம் செய்கிறது? இதே விவாதத்தை மாணவர்களுக்காகச் சுருக்கிச் சொன்னவர் அன்னம்பட்டர். அவருடைய தர்க்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார். ஆக, காப்புச் செய்யுள் பாடியே நூல் தொடங்கும் நமக்கும் இது அன்னியமான பேச்சல்ல. அந்த விவாதத்தில் எதிராளி வைக்கும் ஆட்சேபம் இன்றைய பகுத்தறிவாளர் வைப்பதுதான். வடமொழிப் புலவர் பாணர் வணக்கத்தோடு தொடங்கிய காதம்பரியை அவரால் முடிக்க முடியவில்லை, மகன்தான் முடித்தார். உதயணரின் கிரணாவளியில் வணக்கம் காணவில்லை, நூலோ நிறைவேறியது. வணங்கியும் நடக்கவில்லை, வணங்காமலும் நடக்கிறது. அப்படியானால் வணக்கம் காரணம் அல்ல என்பதுதானே முடிவு? அன்னம்பட்டரின் விடை: காதம்பரியில் தடைகள் வணக்கத்தின் அளவை மீறி இருந்தன, கிரணாவளியில் வணக்கம் நூலுக்கு வெளியே செய்யப்பட்டது.

உண்மையைச் சொன்னால் இந்த விடை எனக்கு நிறைவு தரவில்லை. எந்தத் தோல்வியையும் 'தடை அதிகம்' என்றும் எந்த வெற்றியையும் 'எங்கோ வணங்கியிருப்பான்' என்றும் சொல்லிவிட முடியும் என்றால், அந்தக் கூற்றைப் பொய்ப்பிக்க வழியே இல்லை. பொறியாளனும் அப்படித்தானே பேசுகிறான் என்று சிலர் எடுத்துக்கொடுப்பார்கள்: கெபாசிட்டர் வைத்தும் அறுந்தால் 'வேறு ஏதோ கோளாறு' என்கிறான் அல்லவா? சொல்கிறான்தான். ஆனால் அந்த வேறு கோளாறை அவனால் பிறகு தேடிப் பிடிக்க முடியும். அலைமாலைக் கருவியில் நெரிசல் கோடாக எழுந்து நிற்பதைக் காட்ட முடியும். எஞ்சிய விக்கினத்தை எண்ணிக் காட்டும் கருவி தர்க்க நூலாரிடம் இல்லை. அன்னம்பட்டருக்கும் இது தெரியும்போலும். வணக்கத்துக்கு அவர் காட்டும் ஆதாரம் அனுபவக் கணக்கு அல்ல. சான்றோர் ஒழுகி வருவதும், அதிலிருந்து ஊகிக்கப்படும் வேத விதியும்தான். இதன் விளைவை இன்றைய பக்தர்கள் கவனிப்பதில்லை. 'இந்தக் கோயிலில் தேங்காய் உடைத்தவர்களில் இத்தனை பேர் ஜெயித்தார்கள்' என்று கணக்குக் காட்டி வழிபாட்டை நிரூபிக்கப் புறப்படுகிறவன், மரபு வேண்டுமென்றே கைவிட்ட வழியில் போகிறான். தோற்றவர்களின் தேங்காய்களையும் யாராவது எண்ணத் தொடங்கினால் அவன் பாடு திண்டாட்டம்.

நியாயம் என்ற இந்தத் தர்க்க மரபின் நவீன நையாயிகர்கள் இன்னும் கறாரானவர்கள். 17ஆம் நூற்றாண்டின் விசுவநாதர் நியாய சித்தாந்த முக்தாவளியில் எடுத்துச் சொல்லும் அவர்கள் நிலை இது: வணக்கத்தின் பயன் தடை நீங்குவது மட்டுமே; நூல் நிறைவேறுவது அறிவு, பிரதிபை முதலிய அதனதன் காரணங்களால். தடையே இல்லாத ஒருவன் வணங்கினால்? அந்த வணக்கம் வீண்தான், அதை ஒப்புக்கொள்வதில் எங்களுக்கு நட்டமில்லை என்கிறார்கள். தடை இருக்குமோ என்ற ஐயமே வணங்கப் போதுமான காரணம். ஒரு வழிபாடு வீணாகவும் இருக்கக்கூடும் என்று வழிபடுகிறவர்களே எழுதிவைத்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரோபோவுக்கு இதைப் பொருத்தினால் கெபாசிட்டருக்கும் தேங்காய்க்கும் இருந்த தகராறு தீர்ந்துவிடுகிறது. ரோபோ ஓடுவது பேட்டரியாலும் நிரலாலும் ஓட்டுகிறவனின் கையாலும். இவற்றில் ஒன்றின் இடத்தையும் தேங்காய் எடுத்துக்கொள்ள முடியாது, ஒரு சோதனையைக்கூட அது மிச்சப்படுத்தித் தராது. அது பேசுவது தடையைப் பற்றி மட்டுமே.

தடை என்றால் என்ன என்பதற்கும் இந்த மரபில் கூர்மையான விளக்கம் உண்டு. நெருப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆனாலும் எரியவில்லை. பக்கத்தில் ஒரு ரத்தின மணி வைக்கப்பட்டிருக்கிறது, அதை எடுத்தால் எரிகிறது. மீமாம்சகர்கள் இதிலிருந்து நெருப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சக்தி ஒன்று உண்டு, மணி அதை அழிக்கிறது என்றார்கள். நையாயிகர்கள் அதற்கு இசையவில்லை. நெருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எரிதலின் காரணங்களில் 'தடுக்கும் பொருள் இல்லாமை'யும் ஒன்று, அது இப்போது இல்லை, அவ்வளவுதான் என்றார்கள். அந்த மணியை இன்று யாரும் கண்டதில்லை. ரேடியோக் குறுக்கீடோ அந்த விளக்கத்துக்கே செய்துவைத்தாற்போல் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் கெடவில்லை, ரிசீவர் கெடவில்லை. இன்னொருவரின் அலை அங்கே இல்லாமல் இருப்பது என்ற காரணம் குறைகிறது. இருக்க வேண்டியவற்றை எண்ணிச் சரிபார்க்கலாம். இருக்கக் கூடாதவற்றை எப்படி எண்ணி முடிப்பது? சரிபார்ப்புப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இல்லாமைகளின் பட்டியல் அதைத் தாண்டியே இருக்கும். இதனால் தெய்வம் உண்டென்று நிரூபணமாகிவிடாது. ஆனால், 'எல்லாவற்றையும் சரிபார்த்தவனுக்கு வேண்டிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை' என்ற வாதம் இதோடு விழுந்துவிடுகிறது. எல்லாவற்றையும் சரிபார்த்தவன் என்று ஒருவன் கிடையாது.

இனி, எனக்கு வலுவாகத் தோன்றும் ஆட்சேபம். போட்டிக்கு வரும் எல்லாக் கல்லூரிகளும் தேங்காய் உடைத்தால் பிள்ளையார் யார் பக்கம் நிற்பார்? ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் ரோபோகானில் ஒவ்வோர் ஆட்டத்திலும் சிவப்பு, நீலம் என்று இரண்டே அணிகள். ஒன்று வென்றால் மற்றது தோற்கும். வெற்றியை வேண்டினால் இருவர் வேண்டுதலும் ஒருசேர நிறைவேற வழியில்லை. தடை நீங்க வேண்டினால் நிலைமை வேறு, ஏனென்றால் தோல்வி தடை அல்ல. எதிரணி வேகமாக ஓடியதால் தோற்றவன் ஆடித் தோற்கிறான். சிக்னல் அறுந்து களத்தின் நடுவில் ரோபோ மரமாக நின்றுபோனவன் தோற்கவே இல்லை, ஆடவே விடப்படவில்லை. இரு அணிகளின் ரேடியோவும் அறாமல் இருப்பது ஒரே நேரத்தில் சாத்தியம். அது நடந்தால்தான் போட்டி என்ற ஒன்றே நடக்கும். அந்த நவீன நையாயிகர்கள் வணக்கத்தின் பயனைத் தடை நீக்கத்தோடு நிறுத்திக்கொண்டதில் தர்க்கச் சிக்கனம் மட்டுமல்ல, இப்படியோர் அறமும் இருக்கிறது. பலர் ஒன்றாக வேண்டினாலும் ஒருவர் வேண்டுதல் இன்னொருவருடையதை வெட்டாது.

வெட்டாது என்று சொல்லிவிட்டேன். வானலையில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005இல் விதி செய்தது. மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். வைஃபை, புளூடூத், மாணவர் ரோபோ எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வைஃபை சேனல் என்று பார்த்தால் 1, 6, 11 என மூன்றுதான் தேறும். விதியின் அடிப்படை நிபந்தனைகளும் மூன்று: பிறருக்குக் குறுக்கிடக் கூடாது, பிறர் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோர முடியாது, தனக்கே என்று உரிமை கொண்டாட முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் எனக்குத் தடையாக வருவது பெரும்பாலும் இன்னொருவனின் தொடர்பு. அவனுக்குத் தடை என் தொடர்பு. என் தடையை நீக்கு என்று மட்டும் கேட்டால், அவன் பேச்சை நிறுத்து என்று கேட்டதாகிறது. வேண்டுதல் முரண்படாமல் நிற்க வேண்டுமானால் நானே தடையாக இருப்பதையும் நீக்கு என்ற பாதி அதற்குள் இருந்தாக வேண்டும். என் வாதம் முழுவதும் இதுதான். தேங்காய் உடைப்பவன் தன்னைத் தடைபட்டவனாக மட்டும் நிறுத்திக்கொண்டு கேட்டால் அவன் கேட்பது விக்கின நிவாரணம் அல்ல, சலுகை.

இதை அருவமாக விட வேண்டாம். மேலே சொன்ன என்ஆர்எஃப்24 மாட்யூலில் 2.400 தொடங்கி 2.525 கிகாஹெர்ட்ஸ் வரை 126 சேனல்கள். நெரிசலிலிருந்து தப்ப 108ஆம் சேனலுக்குப் போய்விடு என்று மாணவர்களுக்குள் ஒரு யோசனை வழிவழியாக வருகிறது. வேலையும் செய்யும், வைஃபை அங்கே வராது. ஆனால் அது 2.508 கிகாஹெர்ட்ஸ், அனுமதிக்கப்பட்ட பட்டைக்கு வெளியே. வெறும் மாட்யூலின் ஆற்றல் ஒரு மில்லிவாட்தான், யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒருவனின் இடத்தில் தன் தடையை இறக்கி வைத்துவிட்டு வருவதுதான் அங்கே நடக்கிறது. அதிக ஆற்றலுள்ள மாட்யூலைப் போட்டு எல்லோரையும் அமுக்கிப் பேசுவதும், போட்டி அரங்கில் சொந்த ஹாட்ஸ்பாட்டை ஓடவிடுவதும் இதே ரகம். அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' என்ற ரோபோப் போட்டியில் அணிகள் அரங்கில் தமக்கென்று வைஃபை அமைக்கவே கூடாது; ஒவ்வோர் அணியும் தன் ரேடியோவைக் கொண்டுபோய் அந்தப் போட்டிக்கான சாவியை ஏற்றிக்கொண்டு, களத்தின் பொது வலையில்தான் சேர வேண்டும். கட்டுப்பாடு எல்லோர் மேலும் விழுவதால் எல்லோருக்கும் காற்று கிடைக்கிறது.

விக்கினேசுவரனைத் தடையை நீக்குகிறவனாக மட்டும் பார்ப்பது பாதிக் கதைதான். தடையை வைக்கிறவனும் அவனே. திரிபுரத்தின் மேல் போருக்குப் புறப்பட்ட சிவனுடைய தேரின் அச்சு, பிள்ளையாரை நினைக்காமல் கிளம்பியதால் முறிந்தது என்பது அச்சிறுபாக்கத்துத் தலபுராணம். தடை எதிரியின் கோட்டையில் வைக்கப்படவில்லை, சொந்தத் தகப்பனின் தேரில் வைக்கப்பட்டது. பக்கச் சார்புக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. அந்தத் தெய்வத்தின் முன்னால் நிற்பவன் தானும் நிறுத்தப்படக்கூடியவன் என்பதை ஏற்றுக்கொண்டே நிற்கிறான்.

இங்கே நாத்திகர் குறுக்கிடுவார்: பிறருக்கு இடைஞ்சல் செய்யாதே என்பது 2005ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது, அதற்குக் கணபதி வேண்டியதில்லையே? வேண்டியதில்லைதான். கோயில் பக்கமே போகாமல் ஹாட்ஸ்பாட்டை அணைக்கிற மாணவன், தேங்காய் உடைத்துவிட்டு 108ஆம் சேனலுக்குப் போகிறவனைவிட மேல். நான் சொல்வது தெய்வத்தின் தேவையைப் பற்றி அல்ல, வேண்டுதலின் பொருளைப் பற்றி. ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் திருப்பதிக்குப் போகிறார்களே என்று சிலர் வேறொரு சாட்சி கொண்டுவருவார்கள். பெரியவர்கள் செய்கிறார்கள் என்பது அன்னம்பட்டரின் ஆதாரத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் அது எந்த ராக்கெட்டைப் பற்றியும் எதையும் நிரூபிப்பதில்லை. அதே விண்வெளித் துறையிலிருந்து எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் சாட்சி வேறு. அது இதே திருவனந்தபுரத்தின் கடலோரத்தில் கிடைக்கிறது. புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் தும்பாவை விக்ரம் சாராபாய் தேர்ந்தபோது அங்கே மீனவர் குடியிருப்பும் புனித மரிய மகதலேனாள் தேவாலயமும் இருந்தன. அவர் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவிடம் கேட்டார், ஆயர் சபையாரிடம் கேட்டார், இடம் கொடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது; தேவாலயம் ஆய்வுக்கூடமும் அலுவலகமும் ஆனது, இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. ராக்கெட் பத்திரமாகப் போக வேண்டும் என்று அந்தச் சபையார் ஜெபித்தார்களோ இல்லையோ, இன்னொருவரின் வேலைக்குத் தடையாக நிற்காமல் விலகிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டையும் கடற்கரையையும் விட்டுக்கொடுப்பது சேனல் மாற்றுவதைப் போன்றதல்ல.

கடைசியாக, வேண்டுதல் சோம்பலை வளர்க்கும் என்ற குற்றச்சாட்டு. வளர்ப்பதைப் பார்க்கிறோம், ஆனால் அது வேண்டுதலைப் புரிந்துகொள்ளாததன் பலன். தடை இருக்குமோ என்ற ஐயம்தான் வணங்கக் காரணம் என்றால், வணங்கியவன் தடை வரலாம் என்று வாய்விட்டுச் சொன்னவன். தொடர்பு அறுந்தால் ரோபோ என்ன செய்யும் என்பதை அவன் சோதிக்காமல் விட நியாயமே இல்லை. சில ரிசீவர்கள் சிக்னல் போனதும் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் போன ரோபோ அதே வேகத்தில் பார்வையாளர் மேல் ஏறும். அதனால்தான் ஃபெயில்சேஃப் என்ற அமைப்பு இருக்கிறது, அதில் மோட்டார் வேகத்தைச் சுழியமாகப் பதிந்துவைக்க வேண்டும். சோதிப்பது எளிது. சக்கரங்கள் தரையில் படாதபடி ரோபோவைக் கட்டைகளின் மேல் ஏற்றி, ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தேங்காயே உடைக்காதவன் இந்தச் சோதனையை மறந்தால் அது கவனக்குறைவு. உடைத்தவன் மறந்தால், கோயில் வாசலில் தான் சொன்னதைத் தானே நம்பவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கும்.